ஒரு காசு, ஒரு பூட்டு, ஒரு வால்வு



சில பேருக்குக் கிரிக்கெட் புள்ளிவிவரம் பிடிக்கும். சில பேருக்குப் பழைய பாட்டு. எனக்கு விபத்து விசாரணை அறிக்கை படிக்கிறது பிடிக்கும். சிரிக்காதீங்க. நல்லா எழுதின விசாரணை அறிக்கை ராஜேஷ்குமார் நாவலுக்குக் கொஞ்சமும் குறைஞ்சதில்லை. ஒரே வித்தியாசம், என்ன நடந்ததுன்னு முதல் பக்கத்துலயே சொல்லிடுவாங்க. எப்படி நடந்ததுங்கிறதுதான் மிச்சம் 200 பக்கமும்.

அப்படிப் படிச்சதுல மூணு எண்ணெய் டேங்குகளோட கதையை இந்தப் பதிவுல சொல்லப் போறேன். ஒண்ணு அமெரிக்கா, 1988. ஒண்ணு இங்கிலாந்து, 2005. ஒண்ணு நம்ம ஜெய்ப்பூர், 2009. மூணுக்கும் நடுவுல கடலும் இருக்கு, வருஷங்களும் இருக்கு. ஆனா ஒண்ணுக்குப் பக்கத்துல ஒண்ணா வச்சுப் படிச்சா ஒரே ஆளோட கையெழுத்து மாதிரி தெரியுது. அது என்னன்னு கடைசியில சொல்றேன், அதுக்குள்ள நீங்களே கண்டுபிடிச்சாலும் சரிதான்.

முதல்ல டேங்க் பத்தி ரெண்டு வரி. ரயில்ல போகும்போது ஊருக்கு வெளியே வெள்ளை வெள்ளையா, குட்டையா, கொழுக்கட்டைப் பானை மாதிரி நிக்குமே, அதுதான். இரும்புத் தகடுகளை வளைச்சு வெல்டிங் பண்ணி அடுக்கினது. அதைச் சுத்தி ஒரு தடுப்புச் சுவர் இருக்கும். டேங்க் ஒழுகினாலும் எண்ணெய் அந்தச் சுவருக்குள்ளேயே நிக்கணும்ங்கிறது ஏற்பாடு. உள்ளே எவ்வளவு இருக்குன்னு காட்ட ஒரு கேஜ், நிரம்பி வழியப் போகுதுன்னா கத்த ஒரு அலாரம், திறக்க மூட வால்வு. அவ்வளவுதான். ராக்கெட் விஞ்ஞானம் எல்லாம் இல்லை. பிரச்சினையே அதுதான். பார்க்கச் சாதாரணமா இருக்கிறதால யாரும் அதை உத்துப் பார்க்கிறதில்லை.

சரி, கதைக்குப் போவோம்.

காசு

பென்சில்வேனியா மாநிலத்துல பிட்ஸ்பர்க் நகரத்துக்கு மேல, மொனங்காஹீலா ஆத்தங்கரையில ஃபுளோரெஃப்னு ஒரு சின்ன ஊர். அங்கே ஆஷ்லாண்ட் ஆயில் கம்பெனியோட எண்ணெய்க் கிடங்கு. 1988 ஜனவரி 2, சனிக்கிழமை. புது வருஷத்துக்கு மறுநாள். சாயங்காலம் 5 மணி வாக்குல ஒரு பெரிய டேங்குல டீசல் ஏத்திக்கிட்டு இருந்தாங்க. 40 லட்சம் கேலன் பிடிக்கிற டேங்க். 120 அடி அகலம், 48 அடி உயரம். அதைக் கிட்டத்தட்ட முழுசா நிரப்பினது அன்னைக்குத்தான் முதல் தடவை.

நிரம்புற நேரத்துல டேங்க் மேலிருந்து கீழ் வரைக்கும் கிழிஞ்சு போச்சு. ஒழுகலை, கசியலை. ஜிப்பைத் திறந்த மாதிரி ஒரே கிழி. சுமார் 39 லட்சம் கேலன் டீசல், நம்ம கணக்குல ஏறக்குறைய ஒண்ணரைக் கோடி லிட்டர், ஒரே அலையா வெளியே பாஞ்சுது. தடுப்புச் சுவர் இருந்துச்சுதான். ஆனா அது மெதுவா ஒழுகுற எண்ணெய்க்காகக் கட்டினது, அலைக்காகக் கட்டினது இல்லை. டீசல் சுவரைத் தாண்டிப் பக்கத்து இடத்துக்குள்ள புகுந்து, அங்கே திறந்து கிடந்த மழைநீர் வடிகால் வழியா நேரா ஆத்துல இறங்கிருச்சு. ஆத்துல கலந்தது ஏழரை லட்சம் கேலன்ல இருந்து பத்து லட்சம் கேலன் வரைக்கும்னு கணக்குச் சொல்றாங்க. அந்த ஆறு பிட்ஸ்பர்க்கில் ஒஹையோ ஆறாகிப் போகுது. மூணு மாநிலங்கள்ல சுமார் 10 லட்சம் பேரோட குடிநீர் அதை நம்பி இருந்துச்சு. நடு ஜனவரிக் குளிர்ல ஊர் ஊரா நீரேற்று நிலையங்களை மூட வேண்டியதாப் போச்சு.

இப்ப விசாரணை. அந்த டேங்க் புதுசா நின்னுச்சே தவிர, இரும்பு புதுசு இல்லை. ஒஹையோ மாநிலம் கிளீவ்லாண்டுல 40 வருஷத்துக்கு மேல வேலை பார்த்த டேங்கைக் கழட்டிக் கொண்டு வந்து இங்கே திரும்பவும் பொருத்தியிருக்காங்க. பழைய வீட்டு உத்திரத்தை எடுத்துப் புது வீட்டுக்குப் போடுறோமே, அந்த மாதிரி. அதுல தப்பு ஒண்ணும் இல்லை. ஆனா பழைய உத்திரத்தைத் தட்டிப் பார்த்துத்தானே போடுவோம்?

டேங்கைத் தட்டிப் பார்க்கிற முறை என்னன்னா, மேல் வரைக்கும் தண்ணி நிரப்புறது. தண்ணி டீசலை விடக் கனம். அதைத் தாங்கினா டீசலைத் தாங்கும். தாங்காம உடைஞ்சாலும் போறது தண்ணிதான், ஆத்துக்கு ஒண்ணும் ஆகாது. ரொம்ப எளிமையான, ரொம்ப நேர்மையான சோதனை. ஃபுளோரெஃப்ல அந்த முழுச் சோதனையைச் செய்யலை. சுமார் 5 அடி உயரத்துக்கு மட்டும் தண்ணி விட்டுப் பார்த்துட்டு போதும்னு விட்டுட்டாங்க. 48 அடி டேங்குக்கு 5 அடித் தண்ணி!

அமெரிக்க அரசின் தரநிர்ணய ஆய்வகம் கிழிஞ்ச தகடுகளை ஆராய்ஞ்சுது. கிழிசல் எங்கே ஆரம்பிச்சுதுன்னு தேடிப் போனா, ஒரு வெல்டிங் பக்கத்துல, தகட்டுலயே, ஒரு டைம் நாணயம் அளவுக்கு ஒரு பழுது. நம்ம ஊர் பழைய நாலணாக் காசு அளவுன்னு வச்சுக்குங்க. இங்கே வந்து பொருத்துறதுக்கு முன்னாடியே அந்தப் பழுது இருந்திருக்கு. அந்தக் காலத்து இரும்புக்குக் குளிர்ல இழுபடுற தன்மை குறைவு. வெல்லப்பாகு சூடா இருந்தா இழுபடும், ஆறிட்டா டொக்குன்னு உடையும் இல்லையா, அந்த மாதிரி. காசு அளவு பழுதுல இருந்து கிளம்பின விரிசல் ஒரு நொடிக்குள்ள மொத்த டேங்கையும் கிழிச்சிருச்சு.

இதுல பாராட்ட வேண்டிய விஷயம் ஒண்ணு உண்டு. கம்பெனித் தலைவர் ஜான் ஹால் நேர்ல வந்து, பழைய இரும்பு, முழுச் சோதனை செய்யலைன்னு பத்திரிகைக்காரங்க முன்னாடி ஒத்துக்கிட்டார். மேலாண்மைப் படிப்புல இதை இன்னைக்கும் பாடமா வச்சிருக்காங்க. என்னைக் கேட்டா, அதை விடப் பெரிய பாடம் தண்ணிச் சோதனையில இருக்கு. அந்தச் சோதனையை யாரோ ஒருத்தர் சும்மா சடங்குக்காக எழுதி வைக்கலை. முன்னாடி உடைஞ்ச டேங்குகளைப் பார்த்துட்டு எழுதி வச்சாங்க. அந்தக் காரணம் மறந்து போன இடத்துல 48 அடி 5 அடியாச் சுருங்கிடுச்சு.

இதுக்கு அப்புறம் அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிட்யூட் 1991-ல ஏ.பி.ஐ. 653-ன்னு ஒரு விதிப்புத்தகம் போட்டுது. ஓடிக்கிட்டு இருக்கிற டேங்கை எப்படிப் பரிசோதிக்கணும், எப்படி ரிப்பேர் பண்ணணும், இடம் மாத்தினா என்ன செய்யணும்னு முழுசா. சான்றிதழ் வாங்கின ஆய்வாளர் அதிகபட்சம் 5 வருஷத்துக்கு ஒருக்கா வெளியே பார்க்கணும். டேங்கைக் காலி பண்ணி உள்ளே இறங்கி அடித்தகட்டோட கனம் அளக்குறதுக்குத் தனிக் கணக்கு.

எனக்கு அதுல ரொம்பப் பிடிச்சது வேற ஒரு சின்ன வரி. மாசத்துக்கு ஒரு தடவைக்குக் குறையாம அந்தக் கிடங்கோட ஆளே ஒருத்தர் டேங்கைச் சுத்தி நடந்து பார்க்கணும். கசிவு இருக்கா, தகடு பிதுங்கி இருக்கா, அஸ்திவாரம் இறங்கி இருக்கா, பெயின்ட் உரிஞ்சு துரு தெரியுதா. இதுக்குக் கருவியே வேண்டாம், கண்ணு போதும். ஆனா பார்க்கிறவர் அந்த டேங்கையும் அதுக்குள்ள இருக்கிற சரக்கையும் தெரிஞ்சவரா இருக்கணும்னு சேர்த்தே எழுதியிருக்கு. இந்த 'தெரிஞ்சவரா'ங்கிற வார்த்தையை ஞாபகம் வச்சுக்குங்க, திரும்ப வரும்.

பூட்டு

லண்டனுக்கு வடக்கே ஹெமல் ஹெம்ப்ஸ்டெட்னு ஒரு ஊர். அதை ஒட்டி பன்ஸ்ஃபீல்டு எண்ணெய்க் கிடங்கு. லண்டன் விமான நிலையங்களுக்கு எரிபொருள் போற பெரிய கிடங்கு. 2005 டிசம்பர் 10, சனிக்கிழமை ராத்திரி 7 மணிக்கு 912-ஆம் நம்பர் டேங்குல குழாய் வழியா பெட்ரோல் ஏற ஆரம்பிச்சுது. 60 லட்சம் லிட்டர் பிடிக்கிற டேங்க். ராத்திரி முழுக்க ஏறுது.

அதிகாலை 3 மணி சுமாருக்கு கேஜ் நின்னு போச்சு. மூணுல ரெண்டு பங்கு நிரம்பியிருக்குன்னு காட்டிக்கிட்டு அப்படியே நிக்குது. பெட்ரோல் ஏறிக்கிட்டே இருக்கு. கன்ட்ரோல் ரூம் திரையில் டேங்க் அமைதியா இருக்கிற மாதிரி தெரியுது. அலாரம் அடிக்கணுமே? ஒண்ணுக்கு மேல ஒண்ணா அலாரம் இருந்துச்சு. ஆனா அதெல்லாம் அதே கேஜ் சொல்ற கணக்கை வச்சுத்தான் அடிக்கும். கேஜ் செத்தா அலாரமும் செத்துது.

இதுல வேதனை என்னன்னா, அந்தக் கேஜ் நின்னு போனது அதுதான் முதல் தடவை இல்லை. ஆகஸ்ட் கடைசியில இருந்து விபத்து நாள் வரைக்கும் 14 தடவை நின்னிருக்கு. ஒவ்வொரு தடவையும் சூப்பர்வைசர்கள் அதை மேலே தூக்கித் திரும்ப இறக்குவாங்க, ஓட ஆரம்பிச்சுடும். சில தடவை ரிப்பேர்க்காரங்க வந்து பார்த்தாங்க. ஏன் நிக்குதுன்னு கடைசி வரைக்கும் யாரும் கண்டுபிடிக்கலை. நம்ம வீட்டுல டிவி ரிமோட்டைத் தட்டித் தட்டி வேலை வாங்குறோமே, அதே வைத்தியம். 14 தடவை தட்டி எழுப்பின ஒண்ணு 15-ஆவது தடவை எழும்னு எல்லாரும் நம்பிட்டாங்க.

ஆனா இங்கிலாந்துக்காரங்க அவ்வளவு அசட்டையா இருந்தாங்கன்னு நினைக்காதீங்க. கேஜோட சம்பந்தமே இல்லாம, டேங்க் உச்சியில தனியா ஒரு சுவிட்ச் இருந்துச்சு. பெட்ரோல் அந்த மட்டத்தைத் தொட்டா சத்தம் போட்டு, வர்ற குழாயையே மூடிடும். கடைசிக் காவல். 2004 ஜூலையில மாட்டினது, ஒண்ணரை வருஷம் கூட ஆகலை. அது ஏன் வேலை செய்யலை?

இங்கேதான் பூட்டு வருது.

அந்த சுவிட்சைப் பரிசோதிச்சுப் பார்க்க ஒரு சின்ன நெம்புகோல் உண்டு. தூக்கிப் பார்த்துட்டு, திரும்ப நடு நிலைக்குக் கொண்டு வந்து ஒரு பூட்டு போட்டு நிறுத்தணும். அந்தப் பூட்டு இருந்தாத்தான் நெம்புகோல் சரியான இடத்துல நிக்கும். பூட்டு இல்லைன்னா நெம்புகோல் கீழே இறங்கிடலாம். இறங்கிட்டா சுவிட்ச் வேலையே செய்யாது. வெளியே இருந்து பார்த்தா வித்தியாசமும் பெருசா தெரியாது.

கிடங்குல இருந்தவங்க அந்தப் பூட்டை என்னன்னு நினைச்சாங்க தெரியுமா? திருட்டுப் பூட்டுன்னு! யாரும் கை வச்சுக் கெடுத்துடக் கூடாதுன்னு போடுற பூட்டு, போட்டாலும் சரி, போடலைன்னாலும் சரின்னு நினைச்சாங்க. அதனால போடலை. பூட்டு எவ்வளவு முக்கியம்னு சுவிட்ச் தயாரிச்சவங்களுக்குத் தெரியும், ஆனா வாங்கினவங்களுக்குத் தெளிவாச் சொல்லலை. நடுவுல இருந்து மாட்டிக் கொடுத்த கம்பெனி கேட்டுக்கலை. கிடங்குக்காரங்களும் விசாரிக்கலை. மூணு கை மாறி வந்த ஒரு சாமான் கூட அதோட காரணம் மட்டும் வரலை.

காலை 5.40 வாக்குல டேங்க் நிரம்பி வழிய ஆரம்பிச்சுது. வழிஞ்ச பெட்ரோல் டேங்க் சுவர்ல அருவி மாதிரி சிதறி விழுந்து, குளிர் காத்துல ஒரு வெள்ளை மூட்டமா தரையோட தரையாப் பரவிச்சு. காத்தே இல்லாத விடியக்காலை. லாரி டிரைவர்கள் அந்த மூட்டத்தைப் பார்த்துட்டாங்க, தகவலும் சொல்லிட்டாங்க. ஆனா நேரம் இல்லை. 6 மணி 1 நிமிஷத்துக்கு வெடிச்சுது. தீயணைப்புத் தண்ணி பம்பு ஓட ஆரம்பிச்சப்ப வந்த பொறிதான் பத்த வச்சிருக்கும்னு கருதுறாங்க. அணைக்கப் போனதே பத்த வச்சிருக்கு!

வெடிப்பு நில அதிர்வு மானியில் 2.4-ன்னு பதிவாச்சு. 20-க்கும் மேல டேங்குகள் நாள் கணக்கா எரிஞ்சுது. அமைதிக் காலத்துல ஐரோப்பா பார்த்த மிகப் பெரிய தீன்னு சொல்றாங்க. 43 பேருக்குக் காயம். உயிர்ப் பலி இல்லை. ஏன்னா அது ஞாயித்துக்கிழமை விடியக்காலை. பக்கத்துத் தொழிற்பேட்டைக் கட்டடங்கள் எல்லாம் காலியா இருந்துச்சு. இதே திங்கக்கிழமை காலை 10 மணின்னா? யோசிக்கவே வேண்டாம்.

தடுப்புச் சுவர்களும் தோத்துப் போச்சு. சுவரோட இணைப்புகள் வழியா, குழாய் நுழையுற இடங்கள் வழியா பெட்ரோலும் தீயணைப்பு நுரையும் ஒழுகி நிலத்தடி நீர்ல கலந்துருச்சு. மொத்த நஷ்டம் சுமார் 100 கோடி பவுண்டு. 2010-ல நீதிமன்றம் 5 நிறுவனங்களுக்குப் போட்ட அபராதமும் செலவும் சேர்த்துச் சுமார் 95 லட்சம் பவுண்டு.

ஒரு பூட்டு என்ன விலை இருக்கும்?

வால்வு

பன்ஸ்ஃபீல்டு விசாரணைக் குழுவோட இறுதி அறிக்கை 2008 டிசம்பர்ல வெளியாச்சு. யார் வேணும்னாலும் இறக்கிப் படிக்கலாம்னு இணையத்துலயும் போட்டாங்க. அடுத்த வருஷம், 2009 அக்டோபர் 29, வியாழக்கிழமை. ஜெய்ப்பூருக்குப் பக்கத்துல சீதாபுரா, இந்தியன் ஆயில் கிடங்கு. பக்கத்துல இருக்கிற பாரத் பெட்ரோலியம் கிடங்குக்குக் குழாய் வழியா பெட்ரோல் அனுப்ப ஆயத்தம் பண்றாங்க. தினசரி வேலை.

அந்தக் குழாயில 'ஹேமர் பிளைண்டு'ன்னு ஒரு அமைப்பு. ஒரு பக்கம் முழுத் தகடு, இன்னொரு பக்கம் ஓட்டை. முழுத் தகடு குழாய்க்குள்ள இருந்தா எண்ணெய் போகாது. ஓட்டைப் பக்கத்தைத் திருப்பி வச்சா போகும். சுத்தியலால தட்டிக் கழட்டி மாட்டுறதால அந்தப் பேரு. இதைத் திருப்புற அந்தக் கொஞ்ச நேரம் குழாய் மேல் பக்கமா வானத்தைப் பார்த்துத் திறந்து கிடக்கும். அதனால டேங்க் பக்கத்து வால்வு இறுக்கமா மூடியிருந்தாத்தான் இதைத் தொடணும். முதல்ல பிளைண்டு, அப்புறம்தான் வால்வு. இந்த வரிசைதான் உயிர்.

அன்னைக்கு அந்த வரிசை மாறிப் போச்சு. பிளைண்டு திறந்து கிடக்கும்போது வால்வும் திறந்திருந்தது. சாயங்காலம் 6.10 வாக்குல பெட்ரோல் ஊத்து மாதிரி மேலே பீச்சி அடிச்சுது. பக்கத்துல இருந்தவர் ஆவியில மூச்சுத் திணறிப் போனார். உதவிக்குப் போனவங்களையும் அந்த ஆவி விடலை. சுவாசக் கருவி மாட்டிக்கிட்டு உள்ளே போய் வால்வை மூட ஆள் இல்லை. தூரத்துல இருந்தே பொத்தானை அழுத்தி வால்வை மூடுற ஏற்பாடு பல காலமா வேலை செய்யாமக் கிடந்துச்சு. தடுப்புச் சுவரோட வடிகால் வால்வும் திறந்திருந்ததால சுவர் இருந்தும் பெட்ரோல் வெளியே போச்சு. சுமார் ஒண்ணே கால் மணி நேரம், ஏறத்தாழ 1000 டன் பெட்ரோல். 7.30 வாக்குல வெடிப்பு.

விசாரணைக் குழு கணக்குப்படி 11 பேர் இறந்தாங்க. அதுல 6 பேர் கிடங்கு ஊழியர்கள். மிச்சப் பேர் வெளியாட்கள். கிடங்குல இருந்த 11 டேங்குகளும் எரிஞ்சுது. அணைக்க முடியாது, எரிஞ்சு முடியட்டும்னு விட்டுட்டாங்க. 11 நாள் வரைக்கும் எரிஞ்சுது.

இந்துஸ்தான் பெட்ரோலியத்தோட முன்னாள் தலைவர் எம்.பி.லால் தலைமையில குழு போட்டாங்க. 2010 ஜனவரி 29-ல அறிக்கை வந்துச்சு. தைரியமான அறிக்கை. நம்ம ஆளுங்க எழுதினதுன்னு பெருமையாச் சொல்லிக்கலாம். அடிப்படைக் காரணங்கள்னு அவங்க சொன்னதைச் சுருக்கமாச் சொல்றேன்: அந்த இடத்துக்கே உரிய, எழுதி வச்ச வேலைமுறை கிடையாது. தூரத்துல இருந்து கசிவை நிறுத்துற வசதி கிடையாது. அபாயம் என்ன, அதோட விளைவு என்னங்கிற புரிதல் போதாது. பரிந்துரைகளும் அதுக்குத் தக்க மாதிரிதான்: பழைய ஹேமர் பிளைண்டை எடுத்துடுங்க, டேங்குலயே தூரத்துல இருந்து மூடுற வால்வு வைங்க, வழிஞ்சு போறதைத் தடுக்கத் தனிக் கருவி வைங்க, ஆட்களுக்கு முறையாப் பயிற்சி கொடுங்க, ஒத்திகை நடத்துங்க.

சரி, ஒரே கையெழுத்து எது?

மூணு இடத்துலயும் தடுப்பு இருந்துச்சு. ஃபுளோரெஃப்ல தண்ணிச் சோதனைங்கிற விதி இருந்துச்சு. பன்ஸ்ஃபீல்டுல தனி சுவிட்ச் இருந்துச்சு. ஜெய்ப்பூர்ல வரிசை இருந்துச்சு. பொருளும் முறையும் அடுத்த ஆள் கைக்கு வந்து சேர்ந்துச்சு, 'ஏன்'ங்கிறது மட்டும் வழியில தொலைஞ்சு போச்சு. காரணம் தெரியாதவன் கையில விதி கொடுத்தா அவசரத்துல அவன் முதல்ல விடுறது அதைத்தான். அது அவன் குத்தம்னு நான் சொல்ல மாட்டேன். சொல்லிக் கொடுக்காதவன் குத்தம்.

"இதெல்லாம் பழைய கதை, இப்ப எல்லாம் கம்ப்யூட்டர்"னு யாராவது சொன்னா, 2020 மே 29-ஐ ஞாபகப்படுத்துங்க. ரஷ்யாவோட வடகோடி நோரில்ஸ்க் நகரத்துல ஒரு மின் நிலைய டேங்க் விட்டுப் போய் சுமார் 21,000 டன் டீசல் கொட்டி அம்பர்னாயா ஆறே சிவப்பாப் போச்சு.

அமெரிக்காவுல எண்ணெய்ச் சிந்தலைத் தடுக்க 1973 டிசம்பர்ல ஒரு விதி போட்டாங்க, 1974 ஜனவரியில அமலுக்கு வந்துச்சு. கிடங்கு வச்சிருக்கிறவங்க எல்லாம் தடுப்புத் திட்டம் எழுதி வைக்கணும், ஆட்களுக்குச் சொல்லிக் கொடுக்கணும். போதுமான இடைவெளியில கூட்டம் போட்டு விளக்கணும்னு முதல்ல இருந்துச்சு. 2002-ல திருத்தி, வருஷத்துக்கு ஒரு தடவையாவது கட்டாயம்னு ஆக்கினாங்க. அந்தக் கூட்டத்துல என்ன பேசணும்னும் விதியிலயே இருக்கு. இதுவரைக்கும் எங்கெங்கே சிந்திச்சு, எது எது பழுதாச்சு, புதுசா என்ன முன்னெச்சரிக்கை வந்திருக்கு.

கவனிச்சீங்களா? கதை சொல்லுங்கன்னு சட்டமே சொல்லுது! வருஷத்துக்கு ஒரு தடவை ஆட்களை உட்கார வச்சு, நம்ம இடத்துல நடந்த பழைய தப்பை எல்லாம் சொல்லுங்கன்னு. பாதுகாப்புப் பயிற்சின்னா ஏதோ ஹெல்மெட் மாட்டிக்கிட்டு போட்டோ எடுக்கிறதுன்னுதான் நம்மில் பல பேர் நினைக்கிறோம். நிஜத்துல அது சரித்திர வகுப்பு.

பெட்ரோல் பங்குல பூமிக்கு அடியில புதைச்ச டேங்குகளுக்கும் அங்கே இதே வழியிலதான் போனாங்க. 1980-கள்ல பங்க் டேங்குகள் துருப்பிடிச்சு ஒழுகி ஊர் ஊராக் கிணத்துத் தண்ணியில பெட்ரோல் வாடை வந்ததும் 1984-ல சட்டம் வந்துச்சு. டேங்க் மாத்தினாங்க, கருவி வச்சாங்க. அப்புறமும் கசிவு நிக்கலை. 2005-ல ஒரு சட்டம் போட்டு, 3 வருஷத்துக்கு ஒரு முறை ஆய்வு, கூடவே ஆட்களுக்குப் பயிற்சியும் கட்டாயம்னாங்க. ஏ, பி, சி-ன்னு மூணு வகுப்பு. நிர்வாகப் பொறுப்பு உள்ளவர் ஏ. தினமும் டேங்கைப் பராமரிக்கிறவர் பி. சி யாருன்னு நினைக்கிறீங்க? கல்லாவுல உட்கார்ந்து காசு வாங்குறவர்! அலாரம் அடிச்சா முதல்ல காதுல விழுறது அவருக்குத்தானே. 2012 ஆகஸ்ட் 8-க்குள்ள எல்லாரும் பயிற்சி முடிச்சிருக்கணும்னு கெடு வச்சாங்க.

நம்ம ஊர்ல ஒரு பங்குல காலையில டேங்குக்குள்ள டிப் ராடு விட்டு எடுக்கிறதைப் பார்த்துக்கிட்டு நின்னேன். ராடு நுனியில ஏதோ பசை தடவினார் அந்தப் பையன். எதுக்குப்பான்னு கேட்டேன். "தெரியலண்ணே, தடவச் சொன்னாங்க, தடவுறேன்"ன்னான். பக்கத்துல இருந்த பெரியவர் சிரிச்சுட்டு, "டேய், டேங்குல தண்ணி இறங்கியிருந்தா பசை கலர் மாறும்டா. தண்ணி உள்ளே வருதுன்னா என்ன அர்த்தம்? எங்கேயோ ஓட்டை இருக்குன்னு அர்த்தம். தண்ணி உள்ளே வர்ற வழியில பெட்ரோல் வெளியே போகாதா?"ன்னார். பையன் ராடைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அதுவரைக்கும் தடவுறவனா இருந்தவன் அந்த நிமிஷத்துல இருந்து பார்க்கிறவன் ஆயிட்டான். ஏ.பி.ஐ. புத்தகத்துல 'தெரிஞ்சவரா இருக்கணும்'னு போட்டிருக்கிறது இதைத்தான்னு எனக்குத் தோணுது. ஆன செலவு அரை நிமிஷப் பேச்சு.

இந்தப் பதிவைப் படிக்கிறவங்கள்ல கிடங்கு, கெமிக்கல் கம்பெனி, பாய்லர் வீடு, ஏன், அபார்ட்மென்ட் ஜெனரேட்டருக்கு டீசல் டிரம் வச்சிருக்கிற அசோசியேஷன் செயலாளர் கூட இருக்கலாம். உங்க இடத்துல காரணம் தெரியாம செஞ்சுக்கிட்டு இருக்கிற வேலை ஏதாவது ஒண்ணு இருக்கும். ஏதோ ஒரு பூட்டு, ஏதோ ஒரு சிவப்புச் சீட்டு, 'இதைத் தொடாதே'ன்னு ஒரு பலகை. நாளைக்குப் போனதும் அங்கே இருக்கிற மூத்தவர் யாரையாவது பிடிச்சு, இது எதுக்குன்னு கேளுங்க. அவருக்கும் தெரியலைன்னா, அன்னைக்குச் செய்ய வேண்டிய முதல் பரிசோதனை அதுதான்.

டிஸ்கி: அறிக்கைகள்ல இன்னும் எத்தனையோ தொழில்நுட்ப விவரம் இருக்கு. வால்வு வகை, ஆவி பரவுற கணக்குன்னு போனா நீங்க ஓடிடுவீங்கன்னு தெரிஞ்சு விட்டுட்டேன் :-)